மாமாவின் இருமலும் என் ஆறு மாத மாத்திரையும்

முதலில் இருமியவர் என் அக்காவின் கணவர். மாமா என்று கூப்பிடுவேன். தம்போயில் அவர்கள் வீட்டுப் பின்னறையில் தங்கி, செனாயில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

எனக்கு எச்.ஐ.வி. இருப்பது அவர்கள் இருவருக்கும் தெரியும். இறந்துபோன என் கணவரிடமிருந்து வந்தது. நான்கு வருடமாக ஒருநாள் தவறாமல் மருந்து எடுக்கிறேன். ரத்தப் பரிசோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டது.

மாமாவுக்கு இதெல்லாம் காதில் ஏறாது. கோயில் நிர்வாகக் குழுவில் இருப்பவர். மைக்கைக் கொடுத்தால் சுத்தத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். எனக்குத் தனித் தட்டு, தனிக் கோப்பை வைக்கச் சொன்னவரும் அவர்தான். தட்டு மூலம் எச்.ஐ.வி. தொற்றாது என்று அக்காவிடம் பலமுறை சொன்னேன். தலையாட்டுவாள். தட்டு தனியாகவே இருக்கும்.

அப்பேர்ப்பட்ட சுத்தக்காரர் இரண்டு மாதம் டிவி முன்னால் உட்கார்ந்து, வாயைப் பொத்தாமல் இருமினார். ஆள் பாதியாக இளைத்தார்.

“மாமா, கிளினிக்குப் போய் சளி டெஸ்ட் குடுங்க.”

“ஏர்கான் ஒத்துக்கல லா. நீ என்ன டாக்டரா?”

சளியில் ரத்தம் வந்த பிறகுதான் போனார். காசநோய் (காற்று வழியாகப் பரவும் நுரையீரல் தொற்று). வீடு திரும்பியதும் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, “இவதான் கொண்டாந்திருப்பா.” அக்கா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் இருவரையும் பரிசோதனைக்கு அழைத்தார்கள். அக்காவுக்கு ஒன்றுமில்லை. எனக்கும் இருமல், காய்ச்சல், இரவு வியர்வை, எடைக்குறைவு எதுவும் இல்லை. நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தம். டாக்டர் என் வயதுத் தமிழ்ப் பெண்.

“உங்களுக்கு டிபி இல்ல. ஆனா ஒரே வீட்ல இருந்திருக்கீங்க. கிருமி உள்ள தூங்கிட்டு இருக்கலாம். எச்.ஐ.வி. மருந்து நல்லா வேலை செஞ்சாலும், அது முழிச்சுக்கிற ஆபத்து உங்களுக்கு மத்தவங்களவிட அதிகம். ஆறு மாசம் தடுப்பு மருந்து எடுங்க.”

“அவரு இருமினதுக்கு நான் மாத்திரை முழுங்கணுமா?”

“கோபப்படுங்க. மாத்திரையும் போடுங்க.”

ஐசோனியாசிட் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து), கூடவே வைட்டமின் பி6. இரண்டும் தினமும். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே வரச் சொன்னார்; கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் அவை.

எனக்குக் காசநோயே இல்லை என்று டாக்டர் சொன்னதை மாமாவிடம் சொன்னேன். டிவி சத்தத்தைக் கூட்டினார். கோயிலில் கேட்டவர்களிடம் தனக்கு “நுரையீரல்ல தண்ணி” என்றார்.

மூன்றாம் மாதம் என் பாதங்கள் மரத்து, ஊசி குத்துவதுபோல் இருந்தது. கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்) கேள்வி மேல் கேள்வி கேட்டதில் உண்மையைச் சொன்னேன். வெறும் வைட்டமின்தானே என்று பி6-ஐ நிறுத்தியிருந்தேன்.

“அலமாக்! அத எதுக்குக் குடுத்தாங்கன்னு நெனச்சீங்க, அலங்காரத்துக்கா? இந்த மருந்து நரம்ப பாதிக்காம இருக்கத்தானே பி6!”

சொன்னதைக் கேட்காதவர் என்று நான் இளக்காரமாகப் பார்த்த மனிதரின் பக்கத்திலேயே அன்று நானும் நின்றேன். அதுதான் அதிகம் வலித்தது. மறுபடி பி6 எடுக்கத் தொடங்கிய சில வாரங்களில் பாதம் சரியானது.

மாமாவும் சிகிச்சையை முடித்துக் குணமானார். பயந்தவர்கள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவார்கள். என்மேல் போட்ட பழியை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நான் செனாயில் அறை பார்த்துக்கொண்டு கிளம்பினேன். அக்கா கேட் வரை வந்தாள்.

“கோபமா?”

“ஆமாக்கா.”

கடைசி மாத்திரை முடிந்ததும் டாக்டர் சொன்னார்: “இது ஆயுசுக்கும் கேரண்டி இல்ல. எச்.ஐ.வி. மருந்த விட்றாதீங்க. இருமல் வந்தா உடனே வாங்க.” என்னைப் போன்ற நிலையில் இதைப் படிக்கும் உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். உங்களிடம் யாரும் இந்தக் காசநோய்த் தடுப்பு மருந்தைப் பற்றிப் பேசவில்லையென்றால் நீங்களே கேளுங்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் வாயைப் பொத்தாமல் இருமுகிறவர்கள்.

இந்த உடம்பை வாடகை வீடுபோல நினைத்திருந்தேன், எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்வார்கள் என்று. எச்.ஐ.வி. தெரிந்த வருடம் காலாவதியான பாஸ்போர்ட்டை, ஐந்து வருடம் செல்லும் புத்தகம் நமக்கு எதற்கு என்று புதுப்பிக்காமலே விட்டேன். போன மாதம் போய் எடுத்துவிட்டேன். படத்தில் என் முகம் கடுகடுவென்று இருக்கிறது. பரவாயில்லை, ஐந்து வருடம் கழித்து வேறு படம் எடுத்துக்கொள்கிறேன்.