அடிக்க ஒருத்தி, ஓட ஒருத்தி

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரலில் கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலின் பெண்கள் பெட்டியில் ஏறினால், எங்களைப் பார்ப்பதற்கு முன்பே மோப்பம் பிடித்துவிடுவீர்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள். ஒருத்தியைத் தவிர எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், பாதிப் பேர் அறுபதையும் தாண்டியவர்கள். ஆளுக்கொரு முட்டியில் தைலம். கால்களுக்கு நடுவே நீளமான பைகள். பையில் என்ன என்று பிளாட்பாரத்தில் ஒரு சீன அங்கிள் ஒருமுறை மலாயில் கேட்டார். சாப்ட்பால் பேட் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பேரப்பிள்ளைகளுக்கா என்றார். அன்று முழுக்க எனக்குக் கோபம் ஆறவில்லை.

கோபம் எனக்குச் சீக்கிரம் வரும். இந்தக் குழுவில் நான் கேட்சர். பேட் பிடிப்பவளுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் விட்ட பந்தைப் பிடிப்பது என் வேலை. உட்காருவதில் எனக்குச் சிரமமே இல்லை. எழுந்திருப்பதற்குத்தான் ஆண்டவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஆபீசில் கிராணியாகக் கணக்கு எழுதி நாற்காலியில் உட்கார்ந்தே காலம் தள்ளியவள், ஓய்வு பெற்ற பிறகு மண்ணில் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். முன்னேற்றம்தான்.

என் எதிரே நின்று பந்து எறியும் பிட்சர், செந்தூல்காரி. அவள் அப்பா ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். பள்ளிக்கூடக் குழுவிலேயே அவள் எறிய, நான் பிடித்தேன். பிறகு கல்யாணம், பிள்ளைகள், அவளுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் உத்தியோகம் என்று இருவருமே பேட்டை மறந்திருந்தோம். பிள்ளைகள் வளர்ந்து எங்களைக் கண்டுகொள்ளாமல் போன பிறகு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கை கழுவப் போன இடத்தில் அவள் கேட்டாள்: "மறுபடி ஆடுவோமாடி?" ஈரக் கையை உதறிக்கொண்டே சரி என்றேன். அன்றிலிருந்து சனிக்கிழமை மாலைப் பூசையையே எனக்கு ஞாயிற்றுப் பூசையாக வைத்துக்கொண்டேன். மெதடிஸ்ட்டான அவளுக்குக் கோயில் ஆராதனை சாயங்காலம்தான் என்பதால் பிரச்சினை இல்லை.

எங்களோடு ஆடும் குழுக்கள் எல்லாம் எங்கள் வயதுதான். ஆகவே விதிகளையும் வயதுக்கு ஏற்றபடி வளைத்து வைத்திருக்கிறோம். சாப்ட்பாலில் பந்தை அடித்தவள் திடலின் நான்கு மூலைகளிலும் இருக்கும் பேஸ்களை வரிசையாக மிதித்துச் சுற்றி வந்தால்தான் ஒரு ரன். எங்கள் ஆட்டத்தில் மண்ணில் சறுக்கி விழுந்து பேஸைத் தொடக் கூடாது, விழுந்தால் யார் தூக்குவது? ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்ததும் கழிப்பறைக்குப் போக நேரம் உண்டு. முட்டி போனவர்களுக்கு ஓட ஆள் விடலாம். பந்தை அடித்தவள் அங்கேயே நிற்பாள். அவளுக்குப் பின்னால் வேலியோரம் நிற்கும் இன்னொருத்தி, பந்து வந்து சேர்வதற்குள் ஓடிப்போய் முதல் பேஸை மிதிக்க வேண்டும். நல்ல விதி என்றுதான் எல்லோரும் நினைத்தோம், எங்கள் பிட்சருக்கு முட்டி மாற்றும் வரைக்கும்.

சென்ற ஆண்டு அவள் வலது முட்டியை மாற்றினார்கள். ஆஸ்பத்திரி வார்டில் அவள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்டி, அம்மா ஓடக் கூடாது. நடக்கலாம், ஓடிக் கீழ விழுந்துட்டா அவ்வளவுதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீங்கதான் பாத்துக்கணும்." சத்தியம் செய்தேன். கட்டிலில் படுத்திருந்தவள் கண்ணை மூடிக்கொண்டே, "என்னைக் கேக்காமலே என் காலைப் பங்கு போட்டுட்டாளுங்க" என்றாள்.

சில மாதங்களில் திடலுக்குத் திரும்பினாள். எறிவதில் ஒரு குறையும் இல்லை. பந்து வந்து என் கையுறையில் அறையும் சத்தம் அப்படியே இருந்தது. ஆனால் அவள் பேட் பிடிக்கும்போதெல்லாம் முதல் பேஸ் பக்கத்தில் நின்று, "நில்லு! ஓடாதே!" என்று கத்துவது என் வேலையாகிவிட்டது. அவளுக்காக ஓடியவள் எங்கள் குழுவிலேயே இளையவள். நாற்பதைத் தொட்டிருந்த மதுரைக்காரி. வேலை விசாவில் வந்து, சென்ட்ரல் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். நாங்கள் பயிற்சி செய்வதைப் பார்த்துவிட்டு, "அக்கா, நான் காலேஜ்ல கிரிக்கெட் ஆடிருக்கேன், என்னையும் சேத்துக்குவீங்களா?" என்று வந்தாள். அவளுக்கு ஐம்பது ஆகவில்லை என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கு வேண்டியது கால். முதல் நாள் பந்தை அடித்துவிட்டுப் பேட்டையும் தூக்கிக்கொண்டே ஓடினாள். போய்ச் சேர்ந்ததும் பேஸ்மேல் பேட்டை நீட்டி வைத்தாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் இரண்டு பேர் அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டியதாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளான் குழுவோடு ஆடப் போன ரயிலில் பிட்சர் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். சுபாங் ஜெயா ஸ்டேஷன் தாண்டியதும் சொன்னாள்: "இதுதான்டி கடைசி. இனிமே நான் வரல."

"வலிக்குதா?"

"வலிச்சா தைலம் போடுவேன். அடிக்கிறது நான், ஓடுறது வேற ஒருத்தி. என் தட்டுல இருக்குற சோத்தை அடுத்தவ சாப்பிடுற மாதிரி இருக்கு. அதைக்கூடப் பொறுத்துக்குவேன். கிள்ளான்காரிங்க எனக்கு பன்ட் பண்ணுறாளுங்களா பாரு. ஒருத்தி பண்ணுறாளா?"

பேட்டைச் சுழற்றாமல், பந்தை லேசாகத் தொட்டுப் பிட்சரின் முன்னால் உருட்டிவிடுவதுதான் பன்ட். பிட்சர் ஓடிவந்து குனிந்து எடுப்பதற்குள் அடித்தவள் முதல் பேஸுக்குப் போய்விடுவாள். முட்டி சரியில்லாத பிட்சர் கிடைத்தால் எந்தக் குழுவும் அதைத்தான் செய்யும். முன்பெல்லாம் கிள்ளான்காரிகள் கூசாமல் செய்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ஒருத்தியும் செய்யவில்லை. அவர்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"பாவம்னு பாக்குறாளுங்கடி. இத்தனை வருஷம் நான் நோயாளிங்களைப் பாத்த மாதிரி இப்ப என்னைப் பாக்குறாளுங்க. போதும்."

அவள் இல்லாவிட்டால் வேறு ஒருத்தி எறிவாள், குழு ஓடும். ஆனால் நான் யார் பந்தைப் பிடிப்பேன்? பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வெளியே வரும். "வராட்டி போ, வீட்டுல உக்காந்து சீரியல் பாரு" என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு வெயில் எட்டு மணிக்கே மண்டையைப் பிளந்தது. முந்தின நாள் மழையில் திடல் ஓரத்துப் பெரிய சாக்கடையில் தண்ணீர் நிறைந்திருந்தது. நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம். கடைசிக்கு முந்தின இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட். பேட் பிடிக்க எங்கள் பிட்சர் வந்தாள். வேலியோரம் மதுரைக்காரி தயாராக நின்றாள். நான் வழக்கம்போல முதல் பேஸ் பக்கம். பேஸைக் காத்து நின்றவள் கிள்ளான் குழுவின் தலைவி, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆறடி உயரமும் அதற்கேற்ற குரலும். என்னிடம், "என்ன, இன்னைக்கு உங்க ஆளு மூஞ்சி சரியில்லையே?" என்று கேட்டாள். சும்மா இரு என்றேன்.

பிட்சர் அடித்தாள். இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து அடித்தாள் என்றுதான் தோன்றியது. பந்து வலது பக்கம் நின்றவளின் தலைக்கு மேலே போய், சாக்கடையோரப் புல்லில் விழுந்து மறைந்தது. மதுரைக்காரி பறந்து வந்தாள். பேஸை மிதித்தாள். நான் கையைச் சுழற்றி, "ரெண்டாவது பேஸுக்கு ஓடு!" என்று கத்தினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். புல்லைக் கிளறிக்கொண்டிருந்த கிள்ளான்காரியைப் பார்த்தாள். ஆட்டம் சூடு பிடித்ததும் அவள் மனம் மதுரைக்குப் போய்விட்டது போலிருக்கிறது. "ரெண்டு! ரெண்டு!" என்று கூவிக்கொண்டு, வந்த வழியே திரும்பி ஓடினாள்.

கிரிக்கெட்டில் அது அருமையான இரண்டு ரன். எங்கள் ஆட்டத்தில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது.

பாதி வழியில் பிட்சரின் குரல் கேட்டது. "எங்கடி வர்ற? அங்க போடி!"

"ரெண்டாவது ரன்னுக்கா!" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே மதுரைக்காரி அவளைக் கடந்து, அடித்த இடமான ஹோம் பேஸை மிதித்து, இரண்டு கையையும் தூக்கினாள். முதல் பேஸ் எங்கள் ஆள் இல்லாமல் கிடந்தது. பிட்சர் அதைப் பார்த்தாள். பேட்டைக் கீழே வைத்தாள், போடவில்லை, வைத்தாள். பிறகு நடக்க ஆரம்பித்தாள்.

ஓட்டம் இல்லை அது. நர்ஸ்மார் அவசரத்தில் வார்டுக்குள் நடப்பார்களே, அந்த நடை. முழங்கை இரண்டும் வீச, தாடை இறுக, நேராக என்னை நோக்கி வந்தாள். வாயைத் திறந்தேன். மாதக்கணக்காக "நில்லு" என்று கத்திப் பழகிய வாய். வந்த வார்த்தை வேறு.

"வாடி! வா வா வா!"

சாக்கடையோரத்தில் பந்து கிடைத்துவிட்டது. வலது பக்கத்துக்காரி வீசினாள். ஈரப் பந்து வழுக்கி, தலைமையாசிரியைக்கு எட்டாத தூரத்தில் போய் விழுந்தது. அவள் விடவில்லை. மூச்சு வாங்க ஓடிப்போய் எடுத்து, திரும்பி, பேஸை நோக்கிப் பாய்ந்தாள். அந்தப் பக்கமிருந்து ஒருத்தி ஓட, இந்தப் பக்கமிருந்து ஒருத்தி நடக்க, நடுவில் நான் குதித்துக்கொண்டிருந்தேன். மாற்றிய முட்டி முதலில் வந்தது. வலது காலைத் தூக்கி, பேஸ்மேல் வைத்து அழுத்தினாள். புழுதி கிளம்பியது.

அழுதேன். சிரித்துக்கொண்டேதான் அழுதேன். எங்கள் பக்கம் இருந்த எல்லோரும் கத்தினார்கள். எதற்கு என்று தெரியாமல் மதுரைக்காரியும் சேர்ந்து கத்தினாள்.

தலைமையாசிரியை கத்தியதுதான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. "அங்கிள்! இது எப்படி செல்லும்? ரெண்டு பேரு ஓடுறாங்க லா! அவுட்! இவங்க கிளீன் அவுட்!"

எங்கள் அம்பயர் ஓய்வு பெற்ற சீனர், ரயில்வேயில் இருந்தவர், தமிழ் நன்றாகப் புரியும். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அலாமாக்" என்று மலாயில் அங்கலாய்த்தார். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தலைமையாசிரியை பேஸைச் சுற்றிச் சுற்றி வந்து, விரலை ஆட்டி, விதிகளை அடுக்கினாள். என் பிட்சர் பேஸைவிட்டு இறங்காமல் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நடந்துதானே வந்தேன்? டாக்டர் நடக்கலாம்னு சொல்லிருக்காரு."

"டாக்டர் சொன்னா அம்பயர் கேக்கணுமா? எறங்குங்க! நீங்க அவுட்!"

"எறங்க மாட்டேன்!"

கடைசியில் அவுட் என்றுதான் அம்பயர் சொன்னார். அது சரியான தீர்ப்பு, நான் மறுக்கவில்லை. மூன்றாவது அவுட் ஆனதால் எங்கள் முறையும் முடிந்தது. பேஸைவிட்டு இறங்கி வந்தவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"பாத்தியாடி? என்கிட்ட எப்படி சண்டை போடுறா பாத்தியா?" என்றாள்.

நான் முகக் கவசத்தை மாட்டிக்கொண்டு, ஆண்டவரைக் கூப்பிட்டு, உட்கார்ந்தேன். கிள்ளான் தரப்பில் முதலில் பேட் பிடிக்க வந்தவள் அதே தலைமையாசிரியை. இன்னும் கோபம் ஆறவில்லை, என் தலைக்கு மேலே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "நடக்கத் தெரியுதுல்ல? பாக்குறேன்."

பிட்சர் எறிந்தாள். தலைமையாசிரியை பேட்டைக் குறுக்கே பிடித்தாள். பந்து டொக்கென்று தொட்டு, இருவருக்கும் நடுவில் சோம்பலாக உருண்டது.

பன்ட்.

பிட்சர் ஒரு கணம் அதையே பார்த்தாள். பிறகு அந்த நர்ஸ் நடையில் முன்னால் வந்து, குனிந்து, பந்தை எடுத்து, முதல் பேஸுக்கு வீசினாள். நேரமாகிவிட்டது. தலைமையாசிரியை ஏற்கனவே பேஸ்மேல் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஆட்டம் எப்படியும் எங்கள் கையைவிட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தது. பிட்சர் என் பக்கம் திரும்பினாள். பள்ளிக்கூடத்துப் பல்வரிசை முழுவதும் தெரிந்தது, கட்டிய பற்களோடு சேர்த்து.

"எனக்கு பன்ட் பண்ணிட்டாடி! வெக்கங்கெட்டவ!"

எழுந்து அவளிடம் போனேன். ரயிலில் சொல்லாமல் விட்டதை எல்லாம் சொல்ல நினைத்தேன். சத்தியம் செய்தவள் என்பதால் வேறொன்றுதான் வாயில் வந்தது. "உன் மககிட்ட நான் என்னன்னு சொல்றது?"

கையுறைக்குள் பந்தை உருட்டிக்கொண்டே அவள் என்னைத் தாண்டி ஹோம் பேஸைப் பார்த்தாள். அடுத்த கிள்ளான்காரி பேட்டோடு வந்து நின்றிருந்தாள்.

"போய் உக்காருடி. அடுத்தவ நிக்கிறா, பந்து போடணும்."