பத்தில் ஒரு விநாடி

"முன் சக்கரம் மட்டும் ஏத்து. போதும், நில்லு. இப்ப மூச்சு விடாதே" என்கிறார் வெல்டா ஹூபர். காருக்குள் இருப்பவர் நிஜமாகவே மூச்சை அடக்கிக்கொள்கிறார். எடைமேடைக்கு அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனாலும் இருபத்திரண்டு வருடங்களாக இதைச் சொல்லாமல் வெல்டா ஒரு காரையும் எடை போட்டதில்லை.

மேடை எங்கள் ஊர்த் தானியக் கிடங்கினுடையது. வாரம் முழுக்க மக்காச்சோள லாரிகள் ஏறி இறங்கும். சனிக்கிழமை மதியம் லாரிகள் ஓய்ந்ததும் பழைய கார்கள் வரிசை கட்டும். அறுபதுகளில் பெரிய எஞ்சினைத் திணித்துச் செய்தவை. இன்றும் ரோட்டில் ஓடுபவை. இந்தியானாவின் இந்த மூலையில் பலர் தாங்கள் குளிக்க மறந்தாலும் இவற்றைக் குளிப்பாட்ட மறப்பதில்லை. வருகிறவர்களுக்கு ஒரே கேள்விதான்: நின்ற இடத்திலிருந்து கிளம்பினால் கால் மைலை என் கார் எத்தனை விநாடியில் கடக்கும்?

வெல்டா முதலில் முன் சக்கரங்களை நிறுப்பார், பிறகு முழுக் காரை. கழித்தால் பின்பாரம் கிடைத்துவிடும். "பின்னால பாரம் இல்லேன்னா டயர்தான் புகையும், கார் நகராது." பிறகு எடையறையில் ஸ்டூலை விட்டு எழாமல், ஜன்னல் வழியாகக் கேள்விகள்: டேங்கில் எவ்வளவு பெட்ரோல்? டிக்கியில் என்ன? ஸ்டெப்னி இருக்கிறதா? டயர் எப்போது வாங்கியது? எஞ்சினுக்கு எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்டுக்கொண்டு, அதில் கால் பங்குக்கு மேல் வெட்டிவிடுவார். "புத்தகத்துக் குதிரை எல்லாம் ரோட்டுக்கு வந்து சேராது."

சுவரில் அவரே பென்சிலால் போட்ட அட்டவணை ஒன்று ஒட்டியிருக்கிறது. ஒரு குதிரை எத்தனை பவுண்டு இழுக்கிறது என்பது இடப்பக்கம், விநாடி வலப்பக்கம். எந்தப் புத்தகத்திலும் பார்த்து எழுதியது இல்லை. பந்தயத் திடலிலிருந்து ஆட்கள் கொண்டுவந்து கொடுத்த நேரச்சீட்டுகளைத் தன் கணிப்போடு ஒப்பிட்டு, அழித்து அழித்துத் திருத்தியது. கடைசியில் ஓட்டுகிறவரின் கைகளை ஒரு பார்வை பார்ப்பார். பயத்துக்குப் பத்தில் ஒரு விநாடி கூட்டுவார். வீம்புக்குப் பத்தில் இரண்டு. எடைச்சீட்டின் பின்புறம் எண்ணை எழுதிக் கிழித்து நீட்டுவார். அதன்பின் பேச்சு கிடையாது. "சொன்னது சொன்னதுதான்."

தப்பாகப் போனால் அவருக்குக் கோபம் வராது. கணிப்பு அப்படியே பலித்தால்தான் முகம் சுருங்கும். "ரெண்டு தப்பு ஒண்ணையொண்ணு மறைச்சிருக்கும்" என்று அந்தச் சீட்டைத் தனியாக எடுத்து வைப்பார்.

அவருடைய சொந்தக் கார் பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன வண்டி. ஐம்பது மைல் வேகத்தைத் தாண்டி அதை யாரும் பார்த்ததில்லை. பந்தயத் திடலில் ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்கக்கூடாதா என்று கேட்டேன். "தெர்மாமீட்டருக்குக் காய்ச்சல் வரணுமா என்ன?" என்றார்.

போன அக்டோபரில் கர்டிஸ் நேகல் தன் 1969 ஷெவெல் காரோடு வந்தார். கர்டிஸ் பதினொரு வருடமாக அந்தக் காரைப் பன்னிரண்டு விநாடிக் கார் என்று சொல்லிவருபவர். ஒருமுறையும் திடலுக்குக் கொண்டுபோனதில்லை. மறுநாள் பந்தயத்தில் முதல் சுற்றிலேயே அவருக்கு எதிராளி அவர் மனைவியின் தம்பி கிளென். வேடிக்கை பார்க்க அவரும் மேடையோரம் வந்து நின்றிருந்தார்.

வெல்டா சீட்டை நீட்டினார். பதினான்கு புள்ளி நான்கு.

"அக்கா, கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க!"

"போட்டுக்கிட்டுத்தான் பாத்தேன்."

"சாப்பாட்டு மேசையில ஓட்டினா பன்னண்டு வரும் அத்தான்" என்றார் கிளென். "தார்ல ஓட்டினா இதுதான்."

"வாயை மூடுறா."

எங்கள் திடலில் வேகமான கார்தான் ஜெயிக்கும் என்பதில்லை. ஒவ்வொருவரும் தன் கார் எடுக்கப்போகும் நேரத்தை வெள்ளை ஷூ பாலிஷால் கார்க் கண்ணாடியில் எழுதியாக வேண்டும். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, மெதுவான காரை அவ்வளவு நேரம் முன்னதாக விடுவார்கள். எழுதியதைவிட மெதுவாகப் போனால் எதிராளி முந்திவிடுவார். எழுதியதைவிட நூறில் ஒரு விநாடி வேகமாகப் போனாலும் ஆட்டம் அவ்வளவுதான். காலையில் இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுவது வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை. ஒத்திகை ஓட்டங்கள் அத்தனையும் ரத்து. வெல்டாவின் சீட்டைத் தவிர யார் கையிலும் வேறு எதுவும் இல்லை.

மதியம் தார் காய்ந்ததும் கர்டிஸ் திடலோரம் போட்டிருந்த வெல்டாவின் மடக்கு நாற்காலி அருகே வந்தார். கண்ணாடியில் 14.40 என்று எழுதிவிட்டிருந்தார். ஊரே பார்த்தாகிவிட்டது.

"உங்களை நம்பிப் பதினொரு வருஷப் பேச்சை முழுங்கியிருக்கேன்க்கா. இதுலயும் தோத்தா கிளென் என்னைச் சாகற வரைக்கும் விடமாட்டான்."

"ஓட்டு, போ."

"இவனைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க." கர்டிஸ் ஒரு நாய்ச் சங்கிலியை வெல்டாவின் கையில் திணித்தார். மறுமுனையில் கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய். "கிரேவி, சமத்தா இரு. காரை விட்டு இறங்கவே மாட்டேன்னுட்டான்."

வெல்டா நாயைப் பார்த்தார். "நேத்து இது எங்க இருந்துச்சு?"

"எங்க இருப்பான்? பின்சீட்ல போர்வைக்குள்ள. தூங்கிட்டிருந்தான்."

"என் மேடை மேலயா?"

"டிக்கியில என்னன்னுதானேக்கா கேட்டீங்க!" ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொல்ல, கர்டிஸ் ஓடினார். திரும்பாமலே கத்தினார்: "எண்பத்தஞ்சு பவுண்டு! டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்காரு!"

வெல்டா உள்ளங்கையில் பென்சிலால் ஏதோ போட்டார். எண்பத்தைந்து பவுண்டு குறைந்தால் பத்தில் ஒரு விநாடி வேகம் கூடும். எழுதிய எண்ணை மிஞ்சிவிடும். வரிசையின் முனைக்குப் போய்விட்ட காரில் எண்ணை மாற்ற விடமாட்டார்கள். கர்டிஸுக்கு முன்னால் இரண்டே கார்கள். வெல்டாவுக்கு வலது முழங்கால் சரியில்லை. அதோடு அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன். நாய் இழுத்ததா, அவர் நாயை இழுத்தாரா என்று சொல்ல முடியாது.

கட்டைவிரலை நாக்கில் நனைத்து, கார்க் கண்ணாடியில் இருந்த இரண்டாவது நான்கை அழித்தார்.

"என்னக்கா இது! சொன்னது சொன்னதுதான்னு..."

"நான் நாய்க்குச் சொல்லலையே. பாலிஷைக் குடு."

14.30.

கிளெனின் பழைய பிக்கப் இரண்டரை விநாடி முன்னதாகக் கிளம்பியது. ஷெவெல் கடைசிக் கம்பத்துக்குச் சற்று முன்னால்தான் அதைத் தாண்டியது. கர்டிஸின் நேரச்சீட்டில் 14.32. பழைய எண் இருந்திருந்தால் ஆட்டம் போயிருக்கும்.

"நாய்தான் ஜெயிச்சுது" என்றார் கிளென்.

கர்டிஸ் சீட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார். அடுத்த வாரமே, டீக்கடை மாதிரிக் கூட்டம் கூடும் பெட்ரோல் பங்கில் அவர் "பதினாலு புள்ளி மூணு ரெண்டு" என்று ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி.

அடுத்து வந்த சனிக்கிழமை நான் எடைமேடையில் இருந்தேன். நீல நிறக் கார் ஒன்று முன் சக்கரங்களை ஏற்றி நின்றது. உள்ளே இருந்தவர் யாரும் சொல்லாமலே மூச்சை அடக்கிக்கொண்டார். வெல்டா ஸ்டூலை விட்டு இறங்கி, கதவைத் திறந்து, வலது காலைத் தாங்கித் தாங்கிக் காருக்கு நடந்தார். ஜன்னல் வழியே தலையை நுழைத்து, பின்சீட்டில் கிடந்த கம்பளிக் கோட்டின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.