சீனாக்காரி சொர்ணம்

ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே கீழக்குடியில், சொர்ணத்துக்குச் 'சீனாக்காரி' என்று பேர் வைத்தவள் அவளுடைய நாத்தனார் காத்தாயி. உண்மையில் சொர்ணம் குடியிருந்துவிட்டு வந்தது சீனாவில் இல்லை. ஜப்பான்காரன் ஆண்டுகொண்டிருந்த பார்மோசாத் தீவில். தைவான் என்றும் அதற்குப் பேர் உண்டு என்று அவள் புருஷன் செல்லமுத்து ஊராருக்கு எடுத்துச் சொல்லிப் பார்த்தான். கப்பலேறி அவ்வளவு தூரம் போய் வந்தவள் சீனாக்காரிதான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

செல்லமுத்து சமையல்காரன். கண்டிச் சீமையில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குப் பாத்திரம் கழுவப் போய், கடைசியில் குசினியையே தன் கைக்குக் கொண்டுவந்தவன். தேயிலைச் சாற்றை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பி, தரம் சொல்வதுதான் துரையின் உத்தியோகம். நாக்கு கெட்டுவிடக் கூடாதென்று செல்லமுத்து காரத்தைக் குறைத்துக் கறிக்குழம்பு வைப்பான். 1933-ல் துரையைப் பார்மோசாவின் தலைநகரமான தைஹோக்குவுக்கு மாற்றினார்கள். அந்தக் குழம்பை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனமில்லை. பெண்டாட்டி பிள்ளையோடு வந்துவிடு என்றார்.

அறந்தாங்கிச் சந்தையைத் தாண்டி எங்கேயும் போயிராத சொர்ணம், மூன்று வயது அழகியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கொழும்பில் கப்பலேறினாள். கப்பலில் அவள் எழுந்து உட்கார்ந்த நாளே குறைவு. கீலுங் துறைமுகத்தில் இறங்கியபோது மழை பெய்துகொண்டிருந்தது. அந்த ஊரில் எப்போதும் மழைதான் என்று பிறகு தெரிந்தது. கால் தரையில் பட்டதும் துரைசானியின் பெட்டி மேலேயே வாந்தி எடுத்தாள். அந்தத் தேசத்தில் அவள் பட்ட வெட்கத்துக்கு அதுதான் ஆரம்பம்.

தைஹோக்குவில் ஆற்றங்கரையை ஒட்டித் தேயிலைக் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. ஒன்றின் பின்கட்டில் இவர்களுக்கு ஓர் அறை. தெருவோரத் தாழ்வாரங்களில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து, மூங்கில் தட்டில் தேயிலையைப் பரப்பிக் காம்பு பொறுக்குவார்கள். வெயில் காலத்தில் தேயிலைக்கு வாசம் ஏற்ற மல்லிகைப் பூ கூடை கூடையாக வந்து இறங்கும். முதல் தடவை அதைப் பார்த்ததும் சொர்ணத்துக்குக் கை நிற்கவில்லை. ஒரு கை அள்ளி, நூலில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். மேஸ்திரி வந்து கத்தினான். என்ன சொல்கிறான் என்று புரியாமல் அவள் சிரித்துவைத்தாள். அவன் அவளுடைய தலையைச் சுட்டிக்காட்டிக் கத்தினான். அத்தனை பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்குள்ளிருந்து ஒருத்தி எழுந்து வந்து, மேஸ்திரியிடம் ஏதோ சொல்லி அவனை அனுப்பினாள். பூவைச் சொர்ணத்தின் தலையிலிருந்து எடுக்கவும் விடவில்லை. அவள் பேர் கியோக்.

கியோக்குக்குப் பிள்ளை இல்லை. அழகி அவளிடம் ஒட்டிக்கொண்டாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து காம்பு பொறுக்கியே அந்த ஊர்ப் பாஷையைப் படித்துக்கொண்டாள். ஆறு வயதில் அந்தக் குடும்பத்துக்கே அழகிதான் வாய். கறிக்கடை, வைத்தியர், ரயில்வே ஸ்டேஷன், எங்கே போனாலும் செல்லமுத்து மகளை முன்னால் விட்டுப் பின்னால் போவான். அவனுக்கு அதில் பெருமை. சொர்ணத்துக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு குறுகல். பெற்றவள் ஊமை மாதிரி நிற்க, பிள்ளை ஊரோடு பேசிக்கொண்டிருந்தது.

குளிர்காலத்து ஈரத்தில் சொர்ணத்துக்கு மூட்டு வலி வந்தது. ரயிலில் கொஞ்ச தூரம் போனால் ஹொகுத்தோ என்ற இடத்தில் பூமிக்குள்ளிருந்து வெந்நீர் ஊறுகிறது, அதில் முங்கினால் வலி போகும் என்று கியோக் அழகியிடம் சொல்லியனுப்பினாள். வெந்நீர்க் குளியல் என்றதும் சொர்ணத்துக்குத் தெரிந்தது எண்ணெய் முழுக்குதான். புறப்படுவதற்கு முன்னாலேயே தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டாள். ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த சீயக்காய்த் தூளைத் துணியில் முடிந்துகொண்டாள்.

பெண்கள் குளிக்கும் கூடத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கல் தொட்டியில் ஆவி பறந்தது. சின்னதும் பெரியதுமாக ஒருத்தி உடம்பிலும் ஒட்டுத்துணி இல்லை. கியோக் தன் சட்டையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, நீயும் அவிழ் என்று ஜாடை காட்டினாள். சொர்ணம் சேலையை இறுகச் சுற்றிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நேராகத் தொட்டிக்குள் இறங்கிவிட்டாள்.

எண்ணெய் தண்ணீர் மேல் பளபளவென்று படர்ந்தது. அவள் சீயக்காயை வேறு தலையில் வைத்துத் தேய்த்தாள். ஒரு கிழவி அலறிக்கொண்டு வெளியே ஏறினாள். பின்னாலேயே மற்றவர்களும் ஏறினார்கள். காவலுக்கு இருந்த பெண் ஓடிவந்து கூச்சல் போட்டாள். அழகி கரையில் நின்று, கொஞ்சமும் கூசாமல், உரக்கத் தமிழில் சொன்னாள்:

"ஆத்தா, நீ தண்ணிய அழுக்காக்கிட்டியாம். மேல கழுவிட்டுத்தான் எறங்கணுமாம். இப்ப அம்புட்டுத் தண்ணியையும் வெளிய விடணுமாம்."

கியோக் நனைந்த உடம்போடு ஒவ்வொரு பெண்ணின் முன்னாலும் போய்க் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள். சொர்ணம் தொட்டிக்குள்ளேயே நின்றாள். ஏறினால் எல்லாரும் பார்ப்பார்கள், ஏறாவிட்டாலும் பார்க்கிறார்கள். திரும்பும் ரயிலில், ஈரச் சேலை பட்டு ஆசனம் நனைந்துவிடும் என்று அவள் கடைசிவரை நின்றே வந்தாள். கியோக்கும் உட்காரவில்லை, கூடவே நின்றாள். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் சொர்ணம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

அதன் பிறகு கியோக் கூப்பிட்ட போதெல்லாம் சொர்ணத்துக்குத் தலைவலி வந்தது. 1939-ல் ஜப்பான்காரனின் கெடுபிடியில் வெள்ளைக்காரர்களுக்கு அங்கே இருப்புக் கொள்ளாமல் துரை கிளம்பினார். இவர்களும் மூட்டை கட்டினார்கள். கியோக் வந்து அழகியைக் கட்டிக்கொண்டு அழுதாள். சொர்ணம் பாத்திரம் கட்டுகிற சாக்கில் உள்ளேயே இருந்துகொண்டாள்.

கீழக்குடிக்கு வந்ததும் சொர்ணம் தலை நிமிர்ந்து நடந்தாள். பட்ட அவமானங்களைப் பார்த்தவர்கள் யாரும் இங்கே இல்லை. ஊருணிப் படித்துறையில் பெண்கள் சூழ்ந்துகொண்டு கதை கேட்டார்கள். மாடி வீட்டில் இருந்ததாகச் சொன்னாள். வேலைக்கு ஆள் இருந்ததாகவும் சொன்னாள்.

"குளிக்க அங்கிட்டு ஊருணி, கம்மா எல்லாம் உண்டா?" என்று காத்தாயி கேட்டாள்.

"நமக்கு என்னத்துக்கு மதினி? வீட்டுக்குள்ளயே வெந்நிக் கொழாய்."

துணி அலசிக்கொண்டிருந்த அழகி தலையைத் தூக்கினாள். அவளுக்கு ஒன்பது வயது. தமிழும் அந்தப் பாஷையும் கலந்துதான் அப்போது அவளுக்கு வாயில் வரும். "கொழாய் ஏது ஆத்தா? கியோக்கு கூட ரயில்ல போயித்தானே வெந்நியில குளிச்சோம்? அங்க எல்லாரும் அம்மணமாக் குளிப்பாங்க அயித்த."

படித்துறையே சிரித்தது. காத்தாயி சிரிக்கவில்லை. "எந்தம்பி பொண்டாட்டி ஊரான் தேசத்துல அவுத்துப் போட்டுட்டா குளிச்சா?"

"நான் சேலையோடதான் எறங்குனேன் மதினி!"

ஒருத்தியும் நம்பவில்லை. அழகி நடந்ததைச் சொல்லித் தாயைக் காப்பாற்றத்தான் மறுபடி வாயைத் திறந்தாள். அவசரத்தில் அந்தப் பாஷைதான் வந்தது. சொர்ணம் ஈரக் கையால் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிள்ளை படியில் உட்கார்ந்துவிட்டது.

"இனிமே அந்த ஊருப் பேச்சு ஒன் வாயில வந்துச்சு, நாக்குல சூடு வச்சிருவேன்!"

அழகி அதைக் கேட்டு நடந்தாள். அந்தப் பாஷையை விட்டாள். அதோடு பாதித் தமிழையும் விட்டுவிட்டாள். முன்பெல்லாம் தனியாக இருந்தால் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பாள், பாடுவாள். இப்போது கேட்டால் தலையாட்டினாள், இல்லையென்றால் "ம்" என்றாள். "புள்ள ஏன் இப்புடி ஆயிருச்சு?" என்று செல்லமுத்து கேட்டதற்கு, "வயசுக்கு ஏத்த அடக்கம்" என்று சொர்ணம் சொன்னாள். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மறு வருஷம் மார்கழித் திருவாதிரைக்கு எல்லாரும் ஆவுடையார்கோவிலுக்குப் போனார்கள். தேரோடும் வீதியில் ஒரு சீனாக்காரன் துணி மூட்டையை விரித்துப் பட்டு விற்றுக்கொண்டிருந்தான். அம்மா, பட்டு, நல்ல பட்டு என்று நாலைந்து தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டே காலம் தள்ளுகிற ஆள். அவனைக் கண்டதும் காத்தாயிக்குக் குஷி பிறந்துவிட்டது. அழகியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அவன் முன்னால் நிறுத்தினாள்.

"இந்தாப்பா, ஒங்க ஊருப் புள்ள. பேசு இதுகிட்ட!"

கூட்டம் கூடியது. அவன் என்ன நினைத்தானோ, தன் பாஷையில் ஏதோ கேட்டான். சொர்ணத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது கியோக்கின் பேச்சு. அழகியின் உதடு அசைந்தது. உடனே திரும்பித் தாயைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியாது" என்றாள்.

வெற்றிலைக்கடை நல்லதம்பி கையைத் தட்டிச் சிரித்தான். "பாத்தீங்களா? கொழும்புலயே இருந்துட்டு, சீனாவுக்குப் போனேன் சப்பானுக்குப் போனேன்னு அளந்திருக்காக."

சொர்ணத்தின் காதில் அது சரியாக விழவில்லை. பிள்ளை தன்னைப் பார்த்த பார்வையிலேயே அவள் நின்றிருந்தாள். அடி வாங்குவதற்கு முன்னால் ஒரு நாய் பார்க்குமே, அப்படி இருந்தது அது. ஊர் சிரிக்கக் கூடாதென்று தான் செய்த காரியத்துக்கு இப்போது ஊர் சிரிக்கப் பிள்ளை நின்றுகொண்டிருந்தது. சீனாக்காரன் மூட்டையைக் கட்ட ஆரம்பித்தான்.

சொர்ணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். அந்தத் தேசத்தில் இருந்தவரைக்கும் வாயைத் திறக்காதவள். தினம் காலையில் கியோக் வாசலில் நின்று கேட்கும் கேள்வி ஒன்றுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. சாப்பிட்டாயா என்பதுதான் அது.

"ஜியாஆ பாஆ போவே?" என்றாள்.

அவன் விழித்தான். கூட்டம் ஓவென்று சிரித்தது. முகம் காந்த, சொர்ணம் திரும்பவும் அதையே சொன்னாள். இன்னும் மோசமாக வந்தது.

"அப்புடி இல்ல ஆத்தா," என்று பின்னாலிருந்து அழகி சொன்னாள். "இழுக்கக் கூடாது. மொதச் சொல்ல வெட்டிச் சொல்லணும்."

சொல்லிக் காட்டினாள். சீனாக்காரன் மூட்டையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றான்.

தேர் வந்து, கடந்து போகும் வரைக்கும் அவர்கள் பேசினார்கள். அழகி தடுமாறித் தடுமாறித்தான் பேசினாள். சில இடத்தில் சொல் கிடைக்காமல் வானத்தைப் பார்த்தாள். அவன் காத்திருந்தான். அவன் ஊர் பார்மோசாவுக்கு எதிர்க்கரையில் உள்ள அமோய், அங்கேயும் அதே பாஷைதான் என்றும், ஜப்பான்காரன் உள்ளே வந்ததிலிருந்து வீட்டைப் பற்றித் தகவல் இல்லை என்றும், அழகி கூட்டத்துக்குத் தமிழில் எடுத்துச் சொன்னாள். நல்லதம்பி தானாகவே ஒரு சோடா உடைத்து அவனிடம் நீட்டினான்.

கடைசியில் அவன் ஏதோ கேட்டான். அழகி பதில் சொன்னாள்.

"என்ன கேட்டான்?" என்றாள் சொர்ணம்.

"ஒங்க ஆத்தாவா சொல்லிக்குடுத்தாகன்னு கேட்டாரு. இல்ல, கியோக்குன்னு சொன்னேன்."

சொர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பி வருகையில் மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டு, இருவரும் கண்மாய்க் கரையோரம் நடந்தார்கள். "ஒன்னைய அன்னைக்கு அடிச்சிருக்கக் கூடாது," என்றாள் சொர்ணம்.

"எனக்குப் பாதி மறந்துபோச்சு ஆத்தா," என்றாள் அழகி. அதில் கோபம் இல்லை. காணாமல் போன ஆட்டைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"மிச்சத்த மறக்காம வச்சுக்க."

"யாருகிட்டப் பேசுறது?"

வீடு தெரிகிற தூரத்துக்கு வந்த பிறகுதான், "எங்கிட்டப் பேசு," என்றாள் சொர்ணம்.

பேசினார்கள். களை பறிக்கையில், நெல் குத்துகையில், சோறு, உப்பு, மழை என்று அழகி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். அடுத்த வருஷம் ஜப்பானோடு சண்டை மூண்டது. சனங்கள் அந்தப் பேச்சை ஜப்பான் பாஷை என்று எண்ணி முகம் சுளித்தார்கள். காத்தாயியே, "போலீசு காதுல விழுந்து வைக்கப்போகுது" என்று வந்து சொன்னாள். குரலைத் தணித்துக்கொண்டார்களே தவிர, நிறுத்தவில்லை. அந்தப் பட்டு வியாபாரி அதற்குப் பிறகு திருவிழாவுக்கு வரவில்லை.

அழகிக்கு அறந்தாங்கியில் மாப்பிள்ளை அமைந்தபோது அவளிடம் எஞ்சியிருந்தது ஒரு கைப்பிடிச் சொற்கள்தான். சொர்ணத்துக்கு அதிலும் பாதி. அதையும் அவள் கடைசிவரை தப்பாகத்தான் சொன்னாள். முதலில் ஒவ்வொன்றையும் திருத்திக்கொண்டிருந்த அழகி, வளர வளரத் திருத்துவதை விட்டுவிட்டாள். தாய் மனம் நோகக் கூடாது என்றுதான் பிள்ளை சும்மா இருக்கிறது என்று சொர்ணத்துக்குத் தெரியும். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கூச்சமாக இருந்தது.