பூசணிக்காயும் பனி வாருற வண்டியும்

எங்க தெருவுல துபாய், சவூதின்னு எங்கேயும் போகாத ஆம்பளை நான் ஒருத்தன்தான். பூந்தமல்லியில பொறந்தேன், அம்பத்தூர் எஸ்டேட்டுல வெல்டிங் பண்றேன், முடிஞ்சுது என் சரித்திரம். என் பொண்டாட்டியோட அண்ணன் துபாய்ல இருக்கான். லீவுல வந்தான்னா பெட்டியப் பிரிக்கிறதுக்கு முன்னாடி என்னைத்தான் பிரிப்பான். "இன்னா மச்சான், இந்த வருசமாச்சும் அரக்கோணத்தத் தாண்டினியா, இல்ல இன்னும் ஆவடியிலயே சுத்திகினு கீறியா?" கூடம் முழுக்கச் சிரிக்கும். அவன் வாய் எனக்குப் பழகிப்போச்சு. அந்த நேரத்துல என் பொண்டாட்டி தலையக் குனிஞ்சுக்கிட்டு, கேக்காதவன் தட்டுலயெல்லாம் தால்சாவ ஊத்துவா பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியாது.

அதனாலதான் எங்க பட்டறைக்கு அந்தப் பனி வண்டி வந்தப்போ எனக்குப் பைத்தியம் புடிச்சுது. வடக்க, இமயமலைப் பக்கம் ரோட்டுல விழுற பனிய வாருறதுக்குக் கான்ட்ராக்ட் எடுக்கிற ஆள் ஒருத்தர். பெரிய மெஷின் நுழையாத குறுகல் ரோட்டுக்கெல்லாம் சின்ன வண்டி வேணும்னாரு. நம்மூர்ல வயல்ல ஓட்டுற மினி டிராக்டர் ஒண்ண எங்ககிட்ட எறக்கி, இதுக்குப் பனி வாருற சாமானெல்லாம் செஞ்சு மாட்டிக் குடுங்க, நல்லா வந்தா இன்னும் வண்டி தர்றேன்னு சொல்லிட்டுப் போனாரு. பட்டறையில ஒருத்தனும் பனியப் பாத்ததில்ல. எங்களுக்குத் தெரிஞ்ச பனியெல்லாம் மார்கழியில பைக் சீட்ட நனைக்கிறதும், ஃப்ரிட்ஜ் மேல்தட்டுல ஒட்டிக்கிட்டிருக்க, நாங்க கரண்டியால சொரண்டுறதும்தான்.

படம் வந்துச்சு, வீடியோ வந்துச்சு, பாத்துப் பாத்துச் செஞ்சோம். வண்டிக்கு முன்னாடி அகலமா ஒரு இரும்புப் பொட்டி. அதுக்குள்ள, கொத்துக்கறி அரைக்கிற மெஷின்ல இருக்குமே, அந்த மாதிரி நீளமா ஒரு திருகு. அது சுத்திப் பனிய உள்ள இழுக்கும். பின்னால இரும்பு இறக்கை வெச்ச ஒரு ஃபேன். இழுத்தத வளைஞ்ச குழாய் வழியா தூரமா வீசியடிக்கும். குழாய எந்தப் பக்கம் வேணும்னாலும் திருப்பிக்கலாம். வழுக்காம இருக்க டயருக்குச் சங்கிலி. பெயின்ட் அடிச்சது திருநின்றவூர்க்காரன் ஒருத்தன், என்னை 'பாய், பாய்'னு சுத்தி வர்றவன். வெல்டிங் பூரா என் கை. அந்தத் திருக மூணு தடவ அறுத்துப் போட்டுத் திரும்பச் செஞ்சேன், நாலாவதுதான் படிஞ்சுது.

வேலை முடியுற நேரத்துல மொதலாளி தோள்ல கை போட்டாரு. "பாய், வண்டியோட நீதான் போற. குளிர்காலம் முடியற வரைக்கும் அங்கயே இருந்து பாத்துக்கணும். உனக்குத்தான் இந்தி வருமே." எனக்கு இந்தியும் வராது, உருதும் வராது. எங்க ஊட்டுல பரம்பரையா தமிழ்தான். தொப்பி போட்டவனுக்கெல்லாம் இந்தி வரும்னு அவருக்கு ஒரு நெனப்பு. "வரும் சார்"னேன். அதக் கேட்டுக்கிட்டு வேணாம்னு சொல்ல நான் என்ன லூசா?

என் பொண்டாட்டி பாரிஸ் கார்னர் போயி பச்சைக் கலர்ல தடியா ஒரு ஸ்வெட்டரும், கண்ணு மட்டும் தெரியுற குரங்குக் குல்லாவும் வாங்கியாந்தா. அந்தப் புழுக்கத்துல என்னைப் போடச் சொல்லி, முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ திருப்பிப் பாத்தா. அப்பறம் அவளே அண்ணனுக்குப் போன் போட்டா. ஸ்பீக்கர்ல போட்டுட்டா. "பனியா? நெசப் பனியா?"ன்னு கேட்டுட்டு அவன் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. யா அல்லா, அவன் வாய மூடினத நான் அன்னிக்குத்தான் கேட்டேன். மறுநாள் தெரு பூராவும் தெரிஞ்சுபோச்சு.

வண்டிய ஓட்டிக் காட்டுறதுக்கு மொதலாளி ஆயுதபூஜை அன்னிக்கே நாள் குறிச்சாரு. இங்க ஒண்ணு சொல்லணும். எங்க பட்டறையில வருசா வருசம் திருஷ்டிப் பூசணிக்காய் ஒடைக்கிறது நான்தான். சிரிக்காதீங்க. காய மேல வட்டமா வெட்டி, உள்ள குங்குமத்தக் கொட்டி, சில்லறைய அள்ளிப் போட்டு, சூடம் ஏத்தி மெஷினுக்கு மெஷின் சுத்துறதெல்லாம் மொதலாளி. போட்டு ஒடைக்கிறது மட்டும் பாய். ஒரே போடுல செதறணும், இல்லேன்னா அந்த வருசம் வெளங்காதுன்னு அவருக்கு ஒரு பயம். என் கைக்குச் செதறும். எங்க ஊட்டுல தெரியும், ஒண்ணும் சொன்னதில்ல. பள்ளிவாசல்ல யாராச்சும் கேட்டா, "காய்தானேய்யா ஒடைக்கிறேன், ஆளையா ஒடைக்கிறேன்"ம்பேன்.

பனிக்கு எங்க போறது? மீன் மார்க்கெட்டுலேர்ந்து ஐஸ் பார் கொண்டாந்து, சம்மட்டியால அடிச்சுத் தூளாக்கி, வண்டிக்கு முன்னாடி குமிச்சோம். பட்டறையே கவுச்சி நாத்தம். கான்ட்ராக்டர் கார் பூந்தமல்லி ரோட்டுல மெட்ரோ பள்ளத்துக்கிட்ட மாட்டிக்கிச்சு. வெயில் வாட்டி எடுக்குது. மொதலாளி, "உருகுதுடா, உருகுதுடா"ன்னு பொணத்துக்கிட்ட நிக்கிறவர் மாதிரி கத்துறாரு. நாங்க கோணிய நனைச்சு நனைச்சு மூடுறோம். ஒருவழியா கார் வந்துச்சு. நெழல்ல நாற்காலி போட்டு கான்ட்ராக்டர், பக்கத்துல மொதலாளியோட மருமகன், பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை.

ஐஸ் உருகுற அவசரத்துல மொதலாளி பூசணிக்காய வண்டிக்குச் சுத்துனாரு, என் கையில குடுத்தாரு. வண்டிக்கு முன்னாடி ஒடைக்கணும், அதான் மொறை. வண்டிக்கு முன்னாடி ஐஸ். ஓங்கிப் போட்டேன், ஒரே போடு, செதறிச்சு. வெள்ளை ஐஸ்ல செவப்பா குங்குமம் தெறிச்சதும் எல்லாரும் கை தட்டுனாங்க. மத்த வருசம்னா சில்லறையப் பொறுக்க நான் நீன்னு விழுவானுங்க. அந்த ஐஸுக்குள்ள எவன் கைய விடுவான்? காசு பூரா உள்ள எறங்கிப்போச்சு. முன்னாடி கெடக்கிறத அள்ளி வீசுற மெஷின நாங்களேதான் ராப்பகலா செஞ்சிருக்கோம், அதுக்கு முன்னாடியே காசைப் போட்டிருக்கோம், ஒருத்தன் மூளைக்கும் எட்டல.

வண்டியில ஏறினேன். ஸ்டார்ட் பண்ணேன். குழாய மதில் பக்கம்தான் வெச்சிருந்தேன். மொதலாளி ரெண்டு கையையும் ஆட்டி, "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்! சார் மேல கொஞ்சம் சாரல் அடிக்கட்டும்"னு கத்துனாரு. திருப்பினேன். திருகு ஐஸ இழுத்துச்சு பாருங்க, அப்படியே மலைப்பாம்பு! குழாய்லேர்ந்து செவப்பா ஐஸ் பீச்சிக்கிட்டு நாற்காலிங்க மேல போயி விழுந்துச்சு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுது. நான் செஞ்சது, நான் செஞ்சதுன்னு மனசுக்குள்ள கத்துறேன். அதோட சேந்து 'டங்'னு ஒரு சத்தம். மருமகன் வாயப் பொத்திக்கிட்டுக் கீழ விழுந்தாரு.

அஞ்சு ரூபாக் காசு. முன்பல்லு ரெண்டும் போச்சு, ஒதடு கிழிஞ்சு தொங்குது. எல்லார் சட்டையும் குங்குமமா இருந்ததால எது ரத்தம்னு மொதல்ல ஒருத்தனுக்கும் புரியல. நான் வண்டிய நிறுத்திட்டு ஓடுறேன், அந்தக் கான்ட்ராக்டர் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். காசையே இவ்ளோ தூரம் வீசுதுன்னா பனி எம்மாத்திரம்னு இந்தியில சொன்னானாம். ஆள் ஒருத்தன் மண்ணுல பல்லத் தேடிக்கிட்டிருக்கான், இவன் அங்கயே ஆர்டர் குடுத்துட்டான்.

மறுநாள் மொதலாளி என்னை ரூமுக்குக் கூப்புட்டாரு. கத்தல. கத்தியிருந்தா தாங்கியிருப்பேன். "பாய், தப்பா எடுத்துக்காத. ஊட்டுல பேசிக்கிறாங்க. இவங்க கையில பூஜை சாமானக் குடுத்தா இப்படித்தான் ஆவும்னு. எனக்கு அப்படியெல்லாம் கெடையாது, உனக்கே தெரியும். ஆனா வண்டியோட நீ போவேணாம். மொத வண்டி, நல்லபடியா போய்ச் சேரணும் பாரு."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு. "காசு போட்டது யாரு சார்? இந்தப் பக்கம் திருப்புன்னு கை காட்டினது யாரு? இத்தினி வருசமா ஒடைச்சேனே, அப்பல்லாம் இந்தக் கை யாரு கை?"ன்னேன். அவரு ஃபேனப் பாத்துக்கிட்டு, "சத்தம் போடாத, மாப்ள பக்கத்து ரூம்லதான் கீறாரு"ன்னாரு. அப்பறம் போறபோக்குல, "பெயின்டர் போறான். அவனுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துடு"ன்னாரு. வேலைய உட்டுட்டு வரணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பொண்ணு பத்தாவது படிக்குது. வாய மூடிக்கிட்டு வந்தேன்.

சொல்லிக் குடுத்தேன். குழாய் வாய்க்கு ஒரு கம்பி வலையும் அடிச்சுக் குடுத்தேன், அதையும் என்னைத்தான் அடிக்கச் சொன்னாங்க. பெயின்டருக்கு ஊரத் தாண்டுறதுன்னாலே பயம், போக மாட்டேன்னு அழுதான். கெளம்புறதுக்கு மொத நாள் எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னான். "பாய், மொதலாளிதான் கேக்கச் சொன்னாரு. நீ ஸ்வெட்டர் வாங்கி வெச்சிருந்தியாமே. சும்மாதானே கீது." ஓங்கி அறைஞ்சிருப்பேன். என் பொண்டாட்டி உள்ள போனா, மடிச்சு வெச்சிருந்த ஸ்வெட்டரையும் குல்லாவையும் கொண்டாந்து அவன் கையில குடுத்தா. கதவச் சாத்திட்டு என் மூஞ்சியப் பாக்காம அடுப்படிக்குப் போயிட்டா.

பொங்கல் கழிச்சு பட்டறை குரூப்புல போட்டோ வந்துச்சு. ஒரே வெள்ளை. நடுவுல என் வண்டி. குழாய்லேர்ந்து பனி மேல எழும்பி வளைஞ்சு விழுது, வீடியோல பாத்ததவிட அழகா. மேல பச்சை ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, கண்ணு மட்டும் தெரியுது. ரொம்ப நேரம் பாத்தேன். பொண்டாட்டி போன வாங்கிப் பாத்தா, அப்படியே உள்ள எடுத்துக்கிட்டுப் போனா. போய்த் தொலையட்டும்னு உட்டுட்டேன்.

சாயங்காலம் அவ போன் அடிச்சுது. துபாய் நம்பர். எடுக்கப் போனேன், ஓடிவந்து என் கையப் புடிச்சா.

"எடுக்காதீங்க. நீங்க போகலேன்னு அண்ணன்கிட்ட நான் சொல்லவே இல்ல. அந்தப் போட்டோவ அவருக்கு அனுப்பிட்டேன். நீங்கன்னு சொல்லிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "ஏன்டி?"

"மூஞ்சிதான் தெரியலையே. ரொம்ப சந்தோசப்பட்டாரு. மச்சான் சாதிச்சிட்டாருன்னு எழுதியிருக்காரு." அவ கண்ணுல தண்ணி நின்னுச்சு. "பனி முடியறவரைக்கும் நீங்க பேச முடியாது. அங்க டவர் இல்லேன்னு சொல்லியிருக்கேன்."

போன் அடிச்சு நின்னுச்சு, திரும்ப அடிச்சுது. இந்தத் தடவ வீடியோ கால். அவ முந்தானையால மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டு, என்னை ஃபேனுக்குக் கீழேர்ந்து எழுப்பி, கதவுக்குப் பின்னால நிக்க வெச்சுட்டு, போன எடுத்தா.