ஆமை ஏன் அழுதது

பசியாவரம் தீவுப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது, பிறவியிலேயே காது கேளாத ஒரு மீனவர் வீட்டுப் பெண் வந்து சேர்ந்தாள். எட்டு வயது. கரும்பலகையில் எதை எழுதிப்போட்டாலும் நோட்டில் முத்து முத்தாக எழுதிவிடுவாள். நன்றாகப் படிக்கிறாள் என்று எனக்குப் பெருமை.

பழவேற்காட்டிலிருந்து வாரம் இரண்டு நாள் படகேறி வரும் சிறப்பாசிரியை அந்த நோட்டைப் புரட்டினார். ‘மரம்’ என்று அவள் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, இது எது, காட்டு என்று சைகையில் கேட்டார். அவள் அதே சொல்லை இன்னொரு முறை அழகாக எழுதிக் கொடுத்தாள்.

பொருள் தெரியாமலேதான் இத்தனையும் எழுதியிருக்கிறாள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

“எழுத்து இருக்கு டீச்சர், பேச்சுதான் இல்ல. மொதல்ல நாம அவளோட பேசுவோம்” என்றார் அவர்.

அன்றிலிருந்து அவளோடு கைகளால் பேசிக்கொண்டே இருந்தார். சோறு, மழை, பூனை, பிள்ளைகளின் சண்டை என்று எல்லாவற்றையும் பேசினார். திருப்பிச் செய் என்று ஒருநாளும் கேட்கவில்லை. நானும் வகுப்புப் பிள்ளைகளும் கூடவே கற்றுக்கொண்டோம். கையைத் தோளுக்குப் பின்னால் காட்டினால் நேற்று. அவளோ பல மாதங்கள், கண்ணெதிரே இருப்பதை மட்டுமே சுட்டிக்கொண்டிருந்தாள்.

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. வந்ததும் வராததுமாக என் புடவையைப் பிடித்து இழுத்தாள். கையைத் தோளுக்குப் பின்னால் காட்டினாள். நேற்று. அப்பா. வலை. மூடிய கைமேல் மறுகையைக் கவிழ்த்து, கட்டைவிரலை மட்டும் வெளியே நீட்டி ஆட்டினாள். ஆமை! கத்தியால் வலையை அறுப்பதையும் ஆமை தண்ணீருக்குள் போவதையும் காட்டினாள். பிறகு கன்னத்தில் விரலால் கோடிழுத்து, புருவத்தைச் சுருக்கி என்னைப் பார்த்தாள்.

ஆமை ஏன் அழுதது?

அந்த அறையில் இல்லாத ஓர் உயிரை வெறும் இரண்டு கைகளால் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அழைத்துப்போக வந்த அவள் அப்பாவிடம் சொன்னேன்.

“ஆமா டீச்சர், நேத்து மாட்டிச்சு. கரைக்கு இட்டாந்து வலைய அறுத்துவுட்டோம். அது கண்ணுல தண்ணி வந்துச்சு. இத்தயா கேட்டா?” அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். “இத்தினி வருசமா எம்பொண்ணுக்குக் கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லன்னு நெனச்சுனு இருந்தேன். பதில் எப்படிச் சொல்றதுன்னு காட்டுங்க.”

அன்று வந்திருந்த சிறப்பாசிரியை அவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார். உப்பு. கடல். கண். குடித்த உப்பைக் கண் வழியே வெளியேற்றுகிறது, அழவில்லை.

வலையிழுத்துக் காய்த்த விரல்கள் மெல்ல மெல்லச் சொல்லின. ஓரிடத்தில் தவறியபோது மகளே அவர் விரலைப் பிடித்துத் திருத்தினாள். அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டாள்.