பத்து விநாடியில் பெட்டி பேசும்

"எனக்கு வந்த சேதியை நானே கேக்கறதுக்கு நான் எதுக்குக் காசு கொடுக்கணும்?"

அத்தை இதைக் காலையில் ஒரு முறை சொல்வார், மாலையில் ஒரு முறை சொல்வார். மூன்றாவது முறைக்கு மாமா எதிரில் உட்கார்ந்து கூடவே வாயசைப்பார்.

அத்தை ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஊருக்கெல்லாம் கூலிங் அக்கா. இரண்டு கையும் ஏதாவது ஒரு பெட்டியின் முதுகுக்குள் மாட்டியிருக்கும்போதுதான் அவருக்கு போன் வரும். ஐந்து முறை அடித்து ஓய்ந்தால் அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குப் போய்விடும். பேசியது போனில் இருக்காது, போன் கம்பெனியின் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைக் கேட்க அத்தைதான் கம்பெனிக்கு போன் போட வேண்டும். மாத வாடகை தனி, கேட்கிற நிமிடத்துக்குக் கட்டணம் தனி. அறுபத்தோராவது விநாடியைத் தொட்டால் இரண்டு நிமிடக் காசு. இருபது சேதி சேர்ந்தால் இடம் நிறைந்துவிடும், அடுத்தவர் பேச முடியாது.

அப்படியானால் நிறுத்திவிடேன் என்று மாமா சொல்லிப் பார்த்தார். என் ஆபீசுக்கே பூட்டுப் போடச் சொல்கிறீர்களா என்று அத்தை ஒரு முறை முறைத்ததோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கம்பெனியை மாற்ற முடியாதென்று அத்தை ஊரையே மாற்றினார். அழைக்கிறவர் காதில் விழுவது இதுதான்: "கூலிங் அக்கா. பேரு, தெரு சொல்லிட்டு போனைப் பெட்டிகிட்ட வைங்க. மொத்தம் பத்து செகண்ட்." ஜனங்களும் பழகிவிட்டார்கள். பெட்டி முனகுவதைக் கேட்டே அத்தை பாதி நோயைக் கண்டுபிடித்து, அதற்கான சாமானை மட்டும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வாய்ஸ்மெயிலில் ஒரு பெண்குரல் உண்டு. "செய்தியைக் கேட்க ஒன்றை அழுத்தவும்" என்று ஜலதோஷம் பிடித்த மகாராணி மாதிரி இழுக்கும். நான் அப்படியே பேசிக் காட்டினால் அத்தை ஸ்பானரைத் தூக்குவார். "அவள மாதிரி பேசாதடா, மீட்டர் ஓடற மாதிரியே இருக்கு." மகாராணி வாயைத் திறக்குமுன் அவர் கட்டைவிரல் ஒன்று, மூன்று, ஒன்று, மூன்று என்று ஓடும். ஒன்று கேட்க, மூன்று அழிக்க.

அந்தக் கட்டைவிரல்தான் ஒரு மத்தியானம் காலை வாரியது. ஸ்பீக்கரில் ஒரு நர்ஸின் அவசரக் குரல். "அக்கா, மருந்துப் பெட்டி கூலே ஆகல. இன்னும் ரெண்டு மணி நேரம்தான் மருந்து தாங்கும், வாங்க." மீதி விநாடிகளெல்லாம் பெட்டியின் சத்தம். பத்து விநாடிக்குள் முடிக்கும் பதற்றத்தில் பேரும் இல்லை, தெருவும் இல்லை. அது உறைக்குமுன் விரல் மூன்றை அழுத்திவிட்டது. அழித்தது திரும்பாது. வந்த அழைப்பிலும் நம்பர் தெரியவில்லை. அத்தை பார்த்துக்கொள்வது ஏழு கிளினிக். ஊரின் ஏழு மூலையில்.

மாமா ஒவ்வொன்றாக போன் போடத் தொடங்கினார். முதல் கிளினிக்கில் யாரும் எடுக்கவில்லை, இரண்டாவது பிஸி. அத்தை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு வாயாலேயே அந்தப் பெட்டியை ஓட்டினார்.

"ம்ம்ம்ம்... டக். கிணி."

குடும்பத்தில் யாரையும் விட்டுவைக்காமல் பேசிக் காட்டுகிறவன் நான். எனக்கே ஸ்பீக்கரில் அந்த 'கிணி' காதில் விழவில்லை.

'டக்' மோட்டாரைக் கிளப்பும் ரிலே போனால் எல்லாப் பெட்டியும் சொல்வதுதான் என்றார். 'கிணி' பின்பக்கத் தண்ணீர்த் தட்டு. போன வருஷம் அதன் கிளிப் உடைந்தபோது செம்புக் கம்பியால் தானே கட்டியது. அப்படிக் கட்டிய பெட்டி ஊரில் ஒன்றே ஒன்று. புத்தகக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடி. சொல்லிக்கொண்டே ரிலேயைப் பையில் போட்டுவிட்டார்.

நாங்கள் மூச்சிரைக்க மாடி ஏறியபோது பெட்டிக்குள் வெப்பமானி ஏழு டிகிரி காட்டியது. எட்டைத் தாண்டினால் மொத்த மருந்தும் குப்பைக்கு. பழைய ரிலேயைப் பிடுங்கிப் புதியதைச் செருக அத்தைக்குப் பத்து நிமிடம் ஆகவில்லை. பெட்டி 'ம்ம்ம்' என்று ஓடியது. இந்த முறை 'டக்' இல்லை. முள் ஆறுக்கு இறங்கும்வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்புறம்தான் நர்ஸுக்கு அழுகையே வந்தது. பேரைக்கூடச் சொல்லாமல் வைத்துவிட்டேனே அக்கா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். அத்தை ஸ்பானரைத் துடைத்தபடி சொன்னார்:

"நீ சொல்லலேன்னா என்னம்மா, அதான் பெட்டி சொல்லிடுச்சே. அடுத்த தடவை நீ வாயே திறக்காத, அதையே பேச விடு. எனக்கும் அஞ்சு செகண்ட் காசு மிச்சம்."