ஓடைக்கரை ஓவியத்தில் ஓர் இடக்கை

ஒப்பந்தக் கூலிமுறை நடப்பில் இருந்த நாள்கள் அவை. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பிறை என்னும் ஊர்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்திலிருந்து தப்பி வந்த ஒருவன் தீவின் தண்ணீர்மலை ஓடையில் துணி வெளுத்துப் பிழைத்தான். அத்தோட்டத்துக் கரும்பாலையில் வலக்கை விரல்கள் இரண்டை இழந்தவன். இடக்கையாலேயே துணியை ஓங்கிக் கல்லில் அடிப்பான். பிடிபட்டால் சிறை; பின்னர் மீண்டும் அதே தோட்டம். என் உடைகளை வெளுத்தவன் அவனே ஆதலின், இவை யாவும் எனக்குத் தெரியும்.

ஊர் ஊராகச் சென்று இயற்கைக் காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டும் ஆங்கில மாது ஒருத்தி அவ்வாண்டு பினாங்குக்கு வந்தாள். என் அலுவலகம் என்னை அவளுக்கு மொழிபெயர்ப்பாளனாக அனுப்பிற்று. அவள் ஓடைக்கரையில் அமர்ந்ததும் அவன் துணிமூட்டையைத் தூக்கினான்.

"நான் போறேங்கய்யா. மூஞ்சி தெரிஞ்சா வம்பு."

"முகமெல்லாம் போடமாட்டாங்கப்பா. மலைதான் அவங்களுக்கு வேணும். நீ எறும்பளவுதான் தெரிவே."

"எறும்புக்குத் தொப்பை வச்சுப் போடச் சொல்லுங்கய்யா!" என்று பக்கத்துக் கல்லில் வெளுத்துக்கொண்டிருந்தவன் கேலி செய்தான்.

"ஒன் வேலையப் பாருடா." முந்தைய நாள்தான் இருவரும் துவைகல்லுக்காகச் சண்டையிட்டிருந்தனர்.

நான் கூறியது பொய்யன்று. படத்தில் மலையும் மரங்களுமே ஓங்கி நின்றன. அவன் வெறும் பழுப்புத் தீற்றல். ஆயினும் அத்தீற்றல் வலக்கையை உயர்த்தியிருந்தது. பிழை கண்டால் வாளாவிருக்க மாட்டாதவன் நான். அவன் இடக்கையன் என்று எடுத்துரைத்தேன். அவள் மகிழ்ந்து, ஈரத்தூரிகையால் வண்ணத்தை ஒற்றியெடுத்து, கையை மாற்றித் தீட்டினாள்.

புறப்படுமுன் அவள் அளித்த தேநீர் விருந்தில் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் பணி எனக்கு. விருந்துக்கு வந்திருந்த அந்தக் கரும்புத் தோட்டத்துத் துரை, இடக்கையை உயர்த்திய அவ்வுருவத்தின்மேல் விரலை வைத்து, இது எந்த ஓடை என்று வினவினார். அவள் பெருமிதத்தோடு இடத்தைச் சொன்னாள். நான் படத்தை ஏந்தி நின்றேன்.

மூன்றாம் நாள் படகுத்துறையில் அவனைக் காவலரிடையே கண்டேன்.

"அந்தப் பயதான்யா காட்டிக் குடுத்துட்டான். கல்லுக்குச் சண்டை போட்டேன்ல, அந்த வஞ்சம். அவன்கிட்ட துணி கிணி போட்டுறாதீங்கய்யா."

அவன் அல்லன் என்று சொல்ல வாயெடுத்தேன். படகின் சங்கு ஒலித்தது. அதற்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

"சரிப்பா" என்றேன்.

பிடிபட்டபோதும் அவன் இதையே எல்லாரும் கேட்கக் கத்தியிருக்கிறான். அதன்பின் ஓடையில் எவரும் பக்கத்துக் கல்லுக்காரனோடு பேசவில்லை. சில வாரங்களில் அவன் கெப்பாலா பத்தாஸ் பக்கம் போய்விட்டதாகக் கேள்வியுற்றேன். அதுவரை நானும் அவனிடம் துணி போடவில்லை.